சிவப்புக் கோடு வரை

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். காதுக்காரர் என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். குடிநீர் வாரியத்தில் அவர் பார்த்த வேலை அப்படிப்பட்டது. சாலைக்கு அடியில் போகும் குழாயில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவரிடம் இருந்தவை நீளமான ஓர் இரும்புக் கம்பியும் தலைக்கு இரண்டு பக்கமும் இருந்த காதுகளும்தான். கம்பியின் ஒரு முனையை வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். கீழே தண்ணீர் சீறுகிறதா, ஓடுகிறதா, சும்மா நிற்கிறதா என்று சொல்லிவிடுவார். அவர் சுண்ணாம்பால் வட்டம் போட்ட இடத்தில் தோண்டினால் ஈரம் இருக்கும்.

காது எவ்வளவு கூர்மையோ, கவலையும் அவ்வளவு கூர்மை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் ரகம். கவலைப்பட எதுவும் இல்லாத நாளில், எதையோ மறந்துவிட்டோமோ என்று கவலைப்படுவார். இதெல்லாம் மனசுக்குள் இருந்தாலாவது தொலையட்டும் என்று விடலாம். உள்ளே நினைப்பதெல்லாம் அப்படியே முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சம்பளம் வாங்கிய காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டுக்குள் எல்லோருக்கும் செய்தி தெரிந்துவிடும். அவருக்கு வாய் எதற்கு, மூஞ்சியே போதும் என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

அந்த வருடம் கவலைப்பட அவருக்குக் கைநிறையக் காரணம் கிடைத்தது. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவன், நடுக்கடலில் இருந்தான். முதல் கரு தங்காமல் போய், மகள் பல மாதம் யாரோடும் பேசாமல் கிடந்து, இப்போதுதான் இரண்டாவது. அதிலும் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே வந்தது. உள்ளூர் கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள். இங்கே வைத்துப் பார்க்க மாட்டேன், வலி எடுத்தாலோ அழுத்தம் எகிறினாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றாள். ஆம்புலன்ஸ் அங்கிருந்துதான் வர வேண்டும். அது மலையேறி வந்து, திரும்பவும் மலையேறிப் போவதற்குள் சொந்தக் காரில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்தச் சொந்தக் கார்தான் இப்போது கழுத்தை அறுத்தது.

காதுக்காரர் வாங்கும்போதே அது இன்னொருவர் ஆசைதீர ஓட்டி முடித்த கார். ஆனாலும் அவர் கையில் வந்த பிறகு ஒருநாளும் வழியில் நின்றதில்லை. மகள் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில், பானெட்டைத் திறந்து பார்த்தபோது கூலன்ட் டப்பாவில் திரவம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. என்ஜின் சூட்டைத் தணிக்கும் அந்தப் பச்சைத் திரவம் இல்லாமல் தட்டையான தெருவில் கொஞ்சம் ஓட்டலாம். மலை ஏற முடியாது. பாதி மலையில் என்ஜின் கொதித்து நின்றால், பின்சீட்டில் மகள், இரண்டு பக்கமும் பாறையும் பள்ளமும். 

டப்பாவை நிரப்பினார். மகளிடம் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, திரவம் நிற்கும் மட்டத்தில் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். மறுநாள் காலை பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலம் இறங்கியிருந்தது. மறுபடி நிரப்பினார். மறுபடி இறங்கியது.

தொழிலே கசிவு கண்டுபிடிப்பதுதானே, இது என்ன பிரமாதம் என்றுதான் முதலில் நினைத்தார். காருக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தார். அட்டையில் சொட்டு இல்லை. ரப்பர் குழாய்கள் சேரும் இடங்களிலெல்லாம் மெல்லிய காகிதத்தைச் சுற்றிவைத்து ஓட்டிப் பார்த்தார். காகிதம் உலர்ந்தே இருந்தது. என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் ஊற்றிய டீ நிறத்துக்கு வந்துவிடும் என்பார்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார், ஆயில் ஆயிலாகத்தான் இருந்தது. புகையில் வெண்மை இல்லை. உள்ளே கால் மிதியடியைத் தூக்கித் தடவினார், தூசிதான் கையில் ஒட்டியது. போகிறது, ஆனால் எங்கே போகிறது என்று தெரியவில்லை. வாரியத்திலிருந்து நினைவாக எடுத்துவந்த பழைய இரும்புக் கம்பியைக்கூட என்ஜினில் ஊன்றிக் கேட்டுவிட்டார். ஓடுகிற என்ஜினில் எல்லாமே இரைச்சல். அணைத்துவிட்டுக் கேட்டால், சூடு இறங்க இறங்க உள்ளே அழுத்தமும் இறங்கி, கசிகிற இடமும் வாயை மூடிக்கொண்டது.

அவர் காரோடு மல்லுக்கட்டிய இடம் வீட்டுப் பக்கவாட்டில் இருந்த சின்ன முற்றம். அதைப் பார்த்தாற்போல்தான் மகள் படுத்திருந்த அறையின் ஜன்னல். காலையில் டீ குடித்ததும் அவர் பானெட்டைத் தூக்குவார், மகள் தலையணையில் சாய்ந்தபடி பார்ப்பாள். அவர் குனிவார், நிமிர்வார், பானெட்டைச் சாத்திவிட்டு உள்ளே வருவார். வருகிற முகத்தில் உயிர் இருக்காது.  அன்றைக்கு மகளின் சாப்பாடு தட்டில் அப்படியே கிடக்கும்.

ஒன்றுவிட்டு ஒருநாள் கிளினிக்குக்குப் போய் அழுத்தம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறியிருந்தது. வீட்டில் ஏதாவது சண்டையா, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறதா பெண் என்று நர்ஸ் தாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். சண்டையெல்லாம் இல்லை, ஒரு டப்பாதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது? அவர் மனைவி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். 

தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் இருந்தான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலைக்காரன். காரை இரண்டு நாள் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னான். காதுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரண்டு நாளில் வலி எடுத்தால்? என்ஜினைக் கழற்றிப் போட்டிருக்கும்போது எடுத்தால்? முடியவே முடியாது என்றுவிட்டார். நான் பார்க்காத கசிவா என்கிற வீம்பும் அதில் பாதி இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, முகம் சொல்லிற்று. உங்கள் இஷ்டம் சார் என்று மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு தானாகவே டப்பாவின் மூடியை மாற்றினார். குழாய்களின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். மறுநாள் காலை பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். திரவம் சிவப்புக் கோட்டில் நின்றது.

அதற்கு மறுநாளும் கோட்டில் நின்றது. அதற்கும் மறுநாள் அங்கேயே நின்றது. காதுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மூடிதான், அந்தப் பாழாய்ப்போன மூடிதான் இத்தனைக்கும் காரணம் என்று மனைவியிடம் சொன்னார், மகளிடம் சொன்னார், கீரை விற்கிறவளிடம்கூட ஜன்னல் வழியாகச் சொன்னார். மெக்கானிக்கின் கடையைத் தாண்டும்போது ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். வீட்டில் பேச்சும் சிரிப்பும் திரும்பின. மகள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கிளினிக்கில் அழுத்தம் இறங்கியிருந்தது, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இப்படியே போனால் நல்லது என்றாள் நர்ஸ்.

ஆனால் கவலைக்காரர்களுக்குச் சந்தோஷம் அதிக நாள் தங்காது. காரை நிறுத்தியதும் ஒரு தித்திப்பான வாடை மூக்கில் ஏறியது. சூடான கூலன்டின் வாடை அது. முன்பும் வந்தது, இப்போதும் வருகிறது. கசிவு நின்றிருந்தால் வாடை ஏன் நிற்கவில்லை? அப்புறம் நிறத்தைக் கவனித்தார். அவர் ஊற்றியது நல்ல கரும்பச்சை. இப்போது டப்பாவில் இருந்தது வெளுத்துப்போய், பலமுறை துவைத்த துணியின் நிறத்தில் இருந்தது.

அதைவிட அவரை அரித்தது அந்தச் சிவப்புக் கோடு. குளிர்ந்த காலையில் திரவம் ஒரு மயிரிழை கீழே நிற்கும், வெதுவெதுப்பான காலையில் ஒரு மயிரிழை மேலே நிற்கும். இயற்கையாக இருந்தால் அப்படித்தான். இது நாள் தவறாமல் கோட்டை முத்தமிட்டுக்கொண்டு நின்றது. வாரியத்தில் ஒரு கணக்கெடுப்பவன் இருந்தான். வீடு வீடாகப் போகாமல் நிழலில் உட்கார்ந்து மீட்டர் அளவுகளை எழுதுவான். அவன் எழுதுவது அவ்வளவு ஒழுங்காக இருக்கும். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் காதுக்காரர் அவனைப் பிடித்தார். ஒழுங்காக நிற்கிறது என்றால் அதில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு அன்றே பாடம்.

பல நாளாக ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு விடியும் நேரத்தில்தான் அவர் கண் அசருவார். அன்றைக்கு அந்த நேரத்தில் கட்டை விரலைக் கிள்ளிக்கொண்டு விழித்துக் கிடந்தார். அவருக்குப் பார்க்கத் தேவையில்லை, கேட்டால் போதும். பக்கத்தில் மனைவி எழுந்த சத்தம். சமையலறைக் குழாய், மெல்லத் திறந்தது, ஜக்கில் தண்ணீர் விழுந்து ஏறுகிற சத்தம். பக்கக் கதவின் தாழ்ப்பாள். பானெட் கீல், கிறீச்சிடாதபடி ஒரு கையால் தாங்கித் தூக்கியது. பிறகு களக், களக் என்று டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கியது.

அவர் போய் நின்றபோது அவள் கண்ணை டப்பாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மருந்து அளப்பதுபோல் சிவப்புக் கோட்டுக்குச் சொட்டுச் சொட்டாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டும் அவள் திடுக்கிடவில்லை. ஜக்கை மட்டும் கீழே வைத்தாள்.

அவர் குரலை அடக்கிக்கொண்டு கேட்டார். "எத்தனை நாளா நடக்குது இது?"

"நீங்க மூடி மாத்தின மறுநாள்லேருந்து."

"தண்ணியத் திருடினவங்கள ஊர் முழுக்கப் பிடிச்சிருக்கேன். திருட்டுத்தனமா தண்ணி ஊத்தின ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். ஏன் இப்படிப் பண்ணினே?"

"கார்ல யாரு ஊத்தினா?" என்றாள் அவள். "உங்க மூஞ்சிக்குத்தான் ஊத்தினேன். நீங்க இந்த டப்பாவப் பாத்துட்டு உள்ள வர்ற மூஞ்சியப் பாத்துத்தான் அவளுக்கு அன்னிக்குப் பொழுது விடியுது. நர்ஸ் கேட்டா, வீட்டுல என்னன்னு. நான் என்ன சொல்றது? உங்களக் கவலைப்படாதீங்கன்னு சொன்னா கேக்கற ஆளா நீங்க? அதான் டப்பாவச் சரி பண்ணினேன். நீங்க சிரிச்சீங்க. அவ சாப்பிட்டா. பிரஷர் எறங்கிச்சா இல்லையா?"

இறங்கியது. அதை அவரால் மறுக்க முடியவில்லை. அதனாலேயே கோபம் மூக்குக்கு மேல் வந்தது. எவ்வளவு ஊற்றுகிறாய் என்று கேட்டார். முதலில் கால் ஜக், அப்புறம் அரை, இரண்டு மூன்று நாளாக முக்கால் ஜக் பிடிக்கிறது என்றாள். அவர் மட்கார்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். விரல் அகலம் முக்கால் ஜக்காக வளர்ந்திருக்கிறது, அவர் ஹாரன் அடித்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அதற்குள் வலி எடுத்திருந்தால், கசிவு நின்றுவிட்டது என்ற தைரியத்தில் மகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருப்பார். என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை. பயம் மட்டும் மிஞ்சியது. அதோடு வெட்கமும். கட்டிய மனைவி தன் முகத்துக்குப் பயந்து விடியற்காலையில் திருடிபோல் நடமாடும்படி ஒரு மனிதன் இருக்கலாமா என்று இருந்தது.

அவள் கூலன்டைப் பற்றி ஒன்றுமே தெரியாமல், தண்ணீர் தண்ணீர்தானே என்று நினைத்துத்தான் ஊற்றியிருந்தாள். அவர் விளக்கிச் சொன்னபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஜக்கைக் கழுவுகிறேன் என்று உள்ளே போனவள், குழாயைத் திறந்துவிட்டுச் சும்மாவே நின்றிருந்தாள்.

கடை திறக்கும் முன்பே காதுக்காரர் காரோடு மெக்கானிக் வாசலில் நின்றார். வீம்பையெல்லாம் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். மெக்கானிக் அன்றைய ஹாரனைச் சொல்லிக் குத்திக்காட்டியிருக்கலாம், சொல்லவில்லை. டப்பாவின் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு கைப்பம்பை மாட்டினான். என்ஜின் ஓடாமலே உள்ளே அழுத்தம் ஏற்றுகிற பம்பு அது. அவன் அழுத்த அழுத்த, காதுக்காரருக்கு மூளையில் விளக்கு எரிந்தது. அழுத்தம் இருக்கிறது, இரைச்சல் இல்லை. வாரியத்துக் குழாய் மாதிரியே. கடையில் ரேடியோவை அணைக்கச் சொல்லிவிட்டு, காரில் போட்டு வந்திருந்த இரும்புக் கம்பியை எடுத்து ஒவ்வொரு இடமாக ஊன்றிக் கண்ணை மூடினார்.

என்ஜினுக்குப் பின்பக்கம், கை நுழையாத இடுக்கில், சன்னமாகச் சீறியது. மெக்கானிக் டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்தான். குழாய் வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் முழங்கை. அதன் அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். சூட்டில் மட்டும் அது வாய் திறக்கும். அதற்கு நேர் கீழே புகைக்குழாய். விழுகிற சொட்டெல்லாம் அதன் சூட்டில் பட்டு ஆவியாகிவிடும், தரைக்கு வராது. அதனால்தான் அட்டை உலர்ந்திருந்தது, அதனால்தான் அந்த வாடை. நீங்கள் கேட்காவிட்டால் நான் முன்பக்கமே தேடிக்கொண்டிருப்பேன் என்றான் மெக்கானிக். உன் பம்பு இல்லாவிட்டால் நான் இன்னும் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றார் இவர்.

அந்தப் பழைய காருக்கு முழங்கை எந்தக் கடையிலும் தயாராக இல்லை. சொல்லி அனுப்பினால் மறுநாள் சாயங்காலம் வரும். அதுவரைக்கும் விரிசலைச் சுற்றி ரப்பர் பட்டையைச் சுற்றி, இரண்டு கிளிப் போட்டு இறுக்கினான். டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றினான்.

"ஊருக்குள்ள ஓட்டுங்க சார். மலை மட்டும் ஏத்தாதீங்க."

அன்றைக்கு மத்தியானமே மலை ஏற்ற வேண்டி வந்தது.

மகள் தலைவலி என்றாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறது என்றாள். கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். நர்ஸ் கைப்பட்டையை ஒரு தடவை கட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை கட்டிப் பார்த்தாள். டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு அடுத்த நிமிடமே போன் எடுத்தாள். ஆம்புலன்ஸ் வேறு பக்கம் போயிருந்தது. வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். வாடகைக் கார்க்காரர் வெளியூர் போயிருந்தார். மெக்கானிக்கிடம் இருந்தது மோட்டார் சைக்கிள். காத்திருக்க வேண்டாம், நீங்கள் கிளம்புங்கள், ஆம்புலன்ஸ் எதிரில் வந்தால் நடுவழியில் மாற்றிக்கொள்ளலாம் என்றாள் டாக்டரம்மா.

பின்சீட்டில் தலையணை வைத்து மகளை இடது பக்கமாகப் படுக்கவைத்தார்கள். முன்னால் மனைவி ஏறினாள். காலடியில் தண்ணீர்ப் பாட்டில்கள், மடியில் அதே ஜக். காதுக்காரர் சாவியைத் திருப்பினார். சூடு காட்டும் முள் அசைந்து மேலே வரத் தொடங்கியது. அவர் கண்ணும் அதோடு மேலே போனது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் மகளின் கண்கள், நேராக அவர் முகத்தின் மேல். மனைவி ஒரு துண்டை மடித்து, முள் தெரியும் கண்ணாடியை மறைத்துச் செருகினாள். தன் பக்கம் மட்டும் ஒரு சின்ன இடுக்கு விட்டுக்கொண்டாள்.

"நீங்க ரோட்டப் பாருங்க," என்றாள். "முள்ள நான் பாத்துக்கறேன்."

மலை தொடங்கியது. கார் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் தலையைச் சாய்த்து இடுக்கில் பார்த்துவிட்டு, நடுவில்தான் இருக்கிறது என்பாள். அவர் சரி என்பார். மகள் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்துக்கு மேல் என்ஜினின் சத்தம் மாறியது. உலர்ந்த தொண்டையிலிருந்து வருகிற சத்தம். அவருக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. முள் நடுவில் இல்லை. மனைவி மறுபடியும் பார்த்தாள், அதே குரலில், துளியும் பிசகாமல், நடுவில்தான் இருக்கிறது என்றாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் இவளுக்கு இப்படிப் பொய் சொல்ல வரும் என்று அவருக்குத் தெரியாது. அவர் தன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வைத்ததுபோல் வைத்துக்கொண்டார். 

"எனக்குக் கால் மரத்துப்போச்சு. அந்த வளைவுல கொஞ்சம் நிறுத்திட்டுப் போலாம்," என்றார்.

பின்னாலிருந்து மகள் கண்ணைத் திறக்காமல் பேசினாள். "காலெல்லாம் ஒண்ணும் மரக்கலப்பா. தண்ணி ஊத்தணும்னா ஊத்துங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா காலைல ஊத்தற சத்தம் தினமும் எனக்குக் கேக்கும். எனக்கும் உங்க காதுதானே."

"அப்புறம் ஏன்மா சொல்லல?" என்றார் அவர். 

"நீங்க சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தீங்க. அத ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

வளைவில் கொஞ்சம் அகலமான இடத்தில் நிறுத்தினார். பானெட்டைத் தூக்கியதும் வெண்ணிறமாக ஆவி பொங்கியது. ரப்பர் பட்டை நெகிழ்ந்து, அதன் ஓரத்தில் பச்சை கொப்புளித்தது. கொதிக்கிற டப்பாவின் மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் முகமே வெந்துவிடும். ஆற வேண்டும். ஆறுவதற்கு நேரம் வேண்டும். மற்றதெல்லாம் இருந்தது, நேரம் மட்டும் இல்லை. ஈரத்துணியை மூடியின் மேல் போட்டுவிட்டு நின்றார். பள்ளத்தில் காற்று வந்தது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், எந்தப் பக்கமும் ஆம்புலன்ஸ் சத்தம் இல்லை. அவர் காதுக்கே கேட்கவில்லையென்றால், இல்லவே இல்லை. மகள் ஜன்னலில் தலை சாய்த்து, தலைவலி எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கும் முன்பே, பரவாயில்லை என்று கையைக் காட்டினாள். இவளும் பொய் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. மூன்று பேரும் மூன்று பேரிடமும் பொய் சொல்லிக்கொண்டு அந்த வளைவில் நின்றார்கள்.

மூடியைத் துணியோடு பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினார். புஸ்ஸென்று காற்று போனது. மனைவி ஊற்றினாள், இந்தத் தடவை ஒளிக்காமல், பாட்டில் பாட்டிலாக. கோட்டையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. நிரம்பி வழிகிற வரை ஊற்றினாள். என்ஜினைத் திரும்ப எழுப்பினபோது அது இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மலையுச்சி வரை அவர் மூச்சு விட்டாரா என்று அவருக்கே ஞாபகம் இல்லை. இறக்கத்தில் என்ஜின் இளைப்பாறியது. கடைசி வளைவைத் தாண்டும்போது ஆம்புலன்ஸ் எதிரில் வந்தது. அவர் கையைக் காட்டிவிட்டு நிற்காமலே போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தார்கள். மகளை இறக்கும்போது காரின் அடியிலிருந்து பச்சையாகத் தண்ணீர் வழிந்து, சிமென்ட் தரையில் ஓடி, அவர் செருப்பை நனைத்தது. ரப்பர் பட்டை அறுந்துவிட்டது. எத்தனை நாளாக எங்கே எங்கே என்று தேடிய கசிவு, ஊர் பார்க்க வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. காதுக்காரர் அதைத் தாண்டி ஓடினார். கார்க் கதவைச் சாத்தக்கூட இல்லை.

இரட்டைக் கதவுக்கு இந்தப் பக்கம் அவரை நிறுத்திவிட்டார்கள். மனைவியை மட்டும் உள்ளே விட்டார்கள். உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், கதவோடு காதை வைத்தார். ஒரு நர்ஸ் வந்து நகரச் சொன்னதும் நகர்ந்தார், அவள் போனதும் மறுபடி வைத்தார். காலடிச் சத்தங்கள். தள்ளுவண்டியின் சக்கரம். ஏதோ ஒரு தட்டு. எந்த ரோட்டுக்கு அடியிலும் இவ்வளவு உற்றுக் கேட்டதில்லை அவர். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று மட்டும் அந்தக் காது சொல்லவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோது, முகத்தைச் சரிசெய்துகொண்டு, வேண்டாம், எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்றார். யாருக்காக அந்த முகத்தை வைத்துக்கொள்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை. மலையில் வைத்த முகம் கழலவில்லை.

அழுகைச் சத்தம் அவருக்குத்தான் முதலில் கேட்டது. பூனைக்குட்டிபோல், மெலிசாக, இரண்டு கதவுக்கு அப்பாலிருந்து. ஆனால் அது யாருடைய குழந்தை என்று எப்படித் தெரியும்? மகள் எப்படி இருக்கிறாள் என்று அந்தச் சத்தத்தில் எங்கே இருக்கிறது? அவர் அசையாமல் நின்றார்.

கதவு திறந்து மனைவி வந்தாள். காரிலிருந்து இறங்கும்போது உருவிப் போட்டுக்கொண்ட துண்டு அவள் தோளில் கிடந்தது, முள்ளை மறைத்த துண்டு. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. இவள் பொய் சொன்னால் தன்னால் கண்டுபிடிக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருந்ததால், இன்னும் பயந்தார்.

"பொண்ணு," என்றாள். "அவ நல்லா இருக்கா. பேசினா. உங்களத்தான் கேட்டா."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லலியே?"

"நிஜமாத்தான்." அவள் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இப்ப மூஞ்சிய எப்படி வேணா வெச்சுக்கோங்க."

காதுக்காரர் அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி நடைபாதை முழுக்கக் கேட்கும்படி அழுதார்.